தொட்டி பாதி, மண் பாதி

(வீடு கட்டவிருப்பவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பெரம்பலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, இந்த மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தைத் தாண்டி இருக்கிற காலி இடத்தில், நானும் இரண்டு இளைஞர்களுமாகச் சேர்ந்து ஒரு குழி தோண்டினோம். ஒரு சாண் அகலம், மூன்றடி ஆழம். அதில் தண்ணீர் ஊற்றினோம். வற்ற வற்ற ராத்திரி பத்து மணி வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். நான் பேசி முடிப்பதற்கும், முதல் குடம் ஊற்றி 24 மணி நேரம் ஆவதற்கும் சரியாக இருக்கும். அப்புறம் எல்லோருமாக அங்கே போவோம்.

அதற்கு முன்னால் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். தங்கையும் மாப்பிள்ளையும் பத்து வருஷம் சேர்த்த பணத்தில் வீடு கட்டினார்கள். கக்கூஸுக்குக் குழி எடுத்தது பங்குனிக் கடைசியில். கரிசல் பூமி பங்குனியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கையை விட்டால் முழங்கை வரைக்கும் உள்ளே போகிற மாதிரி வெடித்துக் கிடக்கும். மேஸ்திரி நல்ல வேலைக்காரர். இரண்டு குடம் தண்ணீரைக் குழியில் கொட்டினார். பத்து நிமிஷத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "எப்படிக் குடிக்குது பாத்தீங்களாண்ணே! ஆறு உறை இறக்கினாப் போதும், ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார். நான் பொறியியல் படித்தவன். பக்கத்தில்தான் நின்றேன். சரி என்று தலையாட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை இரண்டாவது வாரம் தங்கை போனில் கூப்பிட்டாள். "அண்ணே, தண்ணி ஊத்துனா உள்ள போகமாட்டேங்குது. எதிர்த்துக்கிட்டு மேல வருது. அத்தை குடையை எடுத்துக்கிட்டு விடியறதுக்கு முந்தி காட்டுப் பக்கம் போறாங்க" என்றாள். அந்த அம்மாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். மருமகள் கட்டிய புது வீட்டில் டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை இருக்கிறது. சேற்றில் வழுக்கி வழுக்கி அவர் சோளக்காட்டுக்குப் போனார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம்தான் இன்றைக்கு என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவர் ஊற்றிய தண்ணீர் போனது நிஜம். ஆனால் அதைக் குடித்தது மண் அல்ல, வெடிப்பு. கரிசலில் இருக்கிற களிமண், தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழை நாலு நாள் விடாமல் பெய்தால் அத்தனை வெடிப்பும் அடைந்துபோகும். பிறகு அந்த மண் கிட்டத்தட்ட ஒரு பானை. பருத்திக்கு அதுதான் வரம். பெய்த மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தை மாசி வரைக்கும் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையில் இருப்பதற்கு அந்த மண்தான் காரணம். பருத்திக்கு வரமான அதே குணம் உறைக்குழிக்கு எதிரி.

நாம் செப்டிக் டேங்க் என்று சொல்கிறோமே, அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பலரும் நினைப்பது, எல்லாவற்றையும் தொட்டியே தின்று தீர்த்துவிடும் என்று. அப்படி இல்லை. தொட்டிக்குள் போன கழிவுநீர் ஒரு நாள், இரண்டு நாள் அசையாமல் நிற்கிறது. கனமானது அடியில் வண்டலாகப் படிகிறது. எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் இருக்கிற தண்ணீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் பார்வைக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும். ஆனால் அதில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை தரக்கூடிய கிருமிகள் உயிரோடு இருக்கும். அவற்றை அழிக்கிற வேலை தொட்டிக்கு வெளியே, மண்ணில் நடக்கிறது. காற்றோட்டம் உள்ள மண்ணில் அந்தத் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது மண்துகள் கிருமியைப் பிடித்து நிறுத்துகிறது. மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. மெதுவாக இறங்க வேண்டும், நின்றுபோகக் கூடாது, ஓடிவிடவும் கூடாது. ஆகவே நாம் கட்டுவது பாதி. மீதிப் பாதி ஏற்கெனவே மனைக்கு அடியில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

மனை வாங்கினால் வாஸ்து பார்க்க ஒருவரை அழைக்கிறோம். போர் போட நீரோட்டம் பார்க்க இன்னொருவரை அழைக்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கிற நாம், அது எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும். தொட்டி வாயு மூலையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற வீட்டில், அந்த மூலையிலிருந்து பக்கத்து வீட்டு அடிபம்பு எத்தனை அடி என்று யாராவது அளந்தார்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை. கழிவுநீர் மண்ணில் இறங்குகிற இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து 6 மீட்டர். இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனை சின்னதாக இருக்கும்போதுதான் மண்ணைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியமாகிறது.

குழியில் தண்ணீர் ஊற்றி மண்ணைச் சோதிப்பது நம் ஸ்தபதிகளுக்குப் புதிதில்லை. மயமதம் என்ற சிற்ப நூலில், மனை தேர்ந்தெடுக்கும்போது ஒரு முழக் குழி தோண்டி, அந்திப்பொழுதில் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தால் வீடு கட்ட நல்ல நிலம். வற்றிக் காய்ந்திருந்தால் ஆகாது. அந்தக் காலத்துச் சோதனை, மண் சுவரைத் தாங்குமா என்று கேட்டது. நம்முடைய சோதனை, மண் கழிவுநீரை வாங்குமா என்று கேட்கிறது. கேள்வி வேறு என்பதால் பதிலும் தலைகீழ். ஆனால் ஒரு ராத்திரி பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்ற அறிவு அதிலேயே இருக்கிறது. நானும் அந்த மேஸ்திரியும் அன்றைக்குத் தவறவிட்டது அந்த ஒரு ராத்திரியைத்தான்.

இப்போது இருக்கிற கழிவுநீர்ச் சோதனை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1920-களில் பிறந்தது. ஹென்றி ரையன் என்ற பொறியாளர், சரியாக வேலை செய்கிற குழிகளையும் அடைத்துக்கொண்ட குழிகளையும் பார்த்து, பக்கத்திலேயே சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் என்று எண்ணினார். நம் நாட்டில் இது ஐ.எஸ். 2470 என்ற தரநிலையின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. 1985-இல் திருத்தி வெளியிட்டது. செய்முறையைச் சொல்கிறேன், மேஸ்திரிமார்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

கழிவுநீர் எந்த ஆழத்தில் மண்ணுக்குள் இறங்கப்போகிறதோ அந்த ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். அகலம் 10 முதல் 30 சென்டிமீட்டர் போதும். கடப்பாரையும் மண்வெட்டியும் பட்ட இடத்தில் மண் மெழுகினாற்போல் இறுகிவிடும். அதை ஒரு முள்கரண்டியாலோ ஆணியாலோ கீறிவிட வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கரிசலிலும் களியிலும் மண்வெட்டியின் முதுகு பட்ட இடம் கண்ணாடி மாதிரி மின்னும். தண்ணீர் அதற்குள் புகாது. உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் பருமணலோ பொடி ஜல்லியோ போட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற வேகத்தில் அடிமண் கலங்கிச் சேறு படிந்து, கணக்கு தப்பும். அப்புறம் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். மண் எவ்வளவு உப்ப வேண்டுமோ அவ்வளவும் உப்பட்டும்.

மறுநாள் குழியில் இன்னும் தண்ணீர் நின்றால், ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் இருக்கும்படி சரிசெய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். வற்றிப்போயிருந்தால், 15 சென்டிமீட்டர் ஊற்றி, அரை மணிக்கு ஒரு தரம் அளந்து, மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, நாலு மணி நேரம் தொடர வேண்டும். கடைசி அரை மணியில் இறங்கியதுதான் கணக்கு. முதல் அரை மணியைக் கணக்கில் வைக்கவே கூடாது. மணல் மண்ணாக இருந்து தண்ணீர் சட்டென்று இறங்கினால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். ஸ்கேல் ஒன்று, குச்சி ஒன்று, செல்போனில் கடிகாரம். இதற்கு மேல் எந்தக் கருவியும் வேண்டாம். ஒரே குழியோடு நிறுத்தாமல், மனையில் இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள்.

ஓர் அங்குலம் இறங்க 30 நிமிஷத்துக்குள் ஆனால் உறிஞ்சு குழி அமைக்கலாம். 30-க்கு மேல் 60-க்குள் என்றால் குழி சரிப்படாது. நீளமாக வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, அதில் ஓட்டைக் குழாய் படுக்க வைத்துக் கழிவுநீரைப் பரவலாக விட வேண்டும். 60 நிமிஷத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி எதையும் கீழே இறக்கக் கூடாது.

இங்கே ஒரு கணக்கை நான் விரித்துச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பொறியாளர்கள்கூட ஏமாந்துபோகிறார்கள். அரை மணியில் ஓர் அங்குலம் என்றால் ஒரு நாளில் 48 அங்குலம். ஒரு சதுர மீட்டர் மண், நாளொன்றுக்குச் சுமார் 1,200 லிட்டர் நல்ல தண்ணீரைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதே மண்ணில் எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்று மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 204-ஐ நிமிஷத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 30-க்கு வர்க்கமூலம் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. விடை 37 லிட்டர். ஆயிரத்து இருநூறு எங்கே, முப்பத்தேழு எங்கே! முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் இப்படி? சோதனையில் நாம் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். தினமும் போகப்போவது கழிவுநீர். அது இறங்குகிற இடத்தில் சில மாதங்களில் கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். பழைய உறைக்குழியைப் பிரித்தெடுத்த தோழர்கள் இதைக் கையால் தொட்டிருப்பீர்கள். நுண்ணுயிரும் அதன் பசையும் சேர்ந்த படலம் அது. கிருமியை வடிகட்டுவதில் பெரிய வேலை செய்வது அதுதான், அதனால் அது வேண்டும். ஆனால் தண்ணீரின் வேகத்தை அது பல மடங்கு குறைத்துவிடும். முதல் வருஷம் நன்றாகப் போன குழி மூன்றாம் வருஷம் நிற்பதற்குக் காரணமும் அந்தப் படலம்தான். பெரும்பாலான வீடுகளில் இதற்கு மேஸ்திரியைத் திட்டுகிறார்கள்.

இனி பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டத்து மண்ணுக்கு வருவோம். ஏட்டில் இருக்கிற ஒரே சூத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்க முடியாது. மேற்கே பச்சைமலை அடிவாரத்திலிருந்து தெற்கே கொள்ளிடக்கரை வரைக்கும் ஒரு பஸ்ஸில் போனால், ஒரு பொழுதுக்குள் ஆறு விதமான பூமியைக் கடந்துவிடுவீர்கள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. வங்காள விரிகுடா இன்று இருக்கிற இடத்தைத் தாண்டி, பெரம்பலூர்ப் பக்கம் வரை உள்ளே வந்திருந்தது. அது டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலம். அந்தக் கடல் ஏறியும் இறங்கியும் படிய வைத்த களி, மணல், சிப்பி, சுண்ணாம்பு எல்லாம்தான் நம் வீட்டுக்கு அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியை ஆராய்ந்து, 1860-களில் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே வகைப்படுத்தினார். நிலவியல் மாணவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயர்களைப் படிக்கிறார்கள். சாத்தனூர்க் கல்மரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீளம். கடலுக்கு அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான மரம். வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

பச்சைமலை அடிவாரத்தில் கருங்கல் பாறையின் மேல் மெல்லிய செம்மண். பார்க்க நல்ல மண்தான். ஆனால் நாலடியில் பாறை முட்டும். மண் குடிக்கிற தண்ணீர் பாறையில் தட்டிப் பக்கவாட்டில் நழுவி, கீழே இருக்கிற தோட்டத்துக் கிணற்றில் கசியும். ஆகவே அங்கே தண்ணீர்ச் சோதனைக்கு முன்னால் ஆழச் சோதனை. ஆறு எட்டு அடி வரை குழி எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டங்களில் கரிசல். அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால், மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக ஆன களிமண் மேடுகள் இருக்கின்றன. சினிமாவில் பாலைவனம் மாதிரி தெரியும். அந்தக் களிக்குள் பளபளவென்று தகடு தகடாக ஜிப்சம் ஓடுகிறது. பையன்கள் பொறுக்கி விளையாடுவார்கள். அங்கே இரண்டு ஆபத்து. களி தண்ணீரை வாங்காது, அது ஒன்று. ஜிப்சத்தில் உள்ள சல்பேட் சாதாரண சிமெண்டைத் தின்னும், அது இரண்டு. கான்கிரீட் உறை சில வருஷத்தில் உப்பி, வெடித்து, விரலால் சுரண்டினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிடக்கூடும். சல்பேட்டைத் தாங்குகிற சிமெண்ட் என்றே தனியாக இருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த நாட்டில் வாழ்கிற நாம் அதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அரியலூர்ச் சுண்ணாம்புப் பூமி. கல்லங்குறிச்சி என்றால் நமக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் நினைவுக்கு வருவார். நிலவியல்காரர்களுக்கு அது ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கின் பெயர். சிப்பி சிப்பியாக அடுக்கி வைத்த பாறை. ரெட்டிபாளையத்திலும் கல்லங்குறிச்சிப் பக்கத்திலும் சிமெண்ட் ஆலைகள் வெட்டுகிற சுரங்கத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள், மண் எவ்வளவு மெல்லிசு, அதன் கீழே பாறையில் எத்தனை விரிசல் என்று தெரியும். இந்தப் பூமியில் தண்ணீர்ச் சோதனை செய்தால் பிரமாதமாகத் தேறும். ஊற்றியது ஊற்றிய மாதிரி போய்விடும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, பத்து வருஷமானாலும் குழி நிரம்பாது. ஆனால் அந்தத் தண்ணீர் மண்ணில் மெதுவாக இறங்கவில்லை. விரிசல் வழியாக ஓடியிருக்கிறது. வடிகட்ட ஒருவரும் இல்லாமல் அடுத்த தெருவின் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போயிருக்கிறது. நான் சொன்ன மத்திய அரசின் கையேடே, வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் மாசு வெகுதூரம் போகும், கவனம் என்று எச்சரிக்கிறது. நிரம்பாத குழியைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். அது எங்கே போகிறது என்று ஒரு தரம் போர்த் தண்ணீரைப் பரிசோதித்துக் கேளுங்கள். நைட்ரேட் என்று ஓர் அளவு வரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற தண்ணீரில் அது மிகுந்தால், குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண் நல்ல பூமி. மணலும் களியும் கலந்தது. சரியான ஆழத்தில் சோதித்தால் பெரும்பாலும் தேறும். திருமானூர், கொள்ளிடக்கரையில் வண்டலும் மணலும். வேகத்தில் தேறும், ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும்போது நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிடும். அதனால்தான் தரநிலை, மண்ணின் வேகத்தோடு நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்கிறது. இதற்கு ஒரு கண்ணளவை இருக்கிறது. குழிச் சுவரைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணுக்குள் துரு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மழைக்காலத்தில் அந்த மட்டம் வரைக்கும் தண்ணீர் வந்து நின்று போகிறது என்று அர்த்தம். வைகாசியில் காய்ந்து கிடந்தாலும் அந்தத் தடம் அழியாது. இன்னொன்று, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். முறுக்கு மாவு மாதிரி நீளமாகத் திரண்டு, வளைத்தாலும் ஒடியாமல் நின்றால் களி அதிகம். திரளும்போதே உதிர்ந்தால் மணல் அதிகம். வெளிநாடுகளில் இப்போதெல்லாம் தண்ணீர்ச் சோதனையோடு நிற்காமல், இப்படி மண் அடுக்கைப் படிப்பதற்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கிறார்கள்.

சரி, கரிசல்காரர்கள் என்ன செய்வது? வீட்டை விட்டுவிட்டுப் போக முடியுமா? முடியாது. வழி இருக்கிறது.

என் தங்கை வீட்டுக் கணக்கையே போடுகிறேன். மூன்றடி அகல உறை ஆறு இறக்கினால், சுற்றுச்சுவரின் பரப்பு சுமார் ஐந்தேகால் சதுர மீட்டர். களிமண்ணுக்குக் கையேடு அனுமதிப்பது சதுர மீட்டருக்கு 10 லிட்டர். மணலாக இருந்தால் 50. ஆக, அந்தக் குழி ஒரு நாளைக்கு வாங்கக்கூடியது 52 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஒரு ஆள் 100 லிட்டர் புழங்கினால் 500 லிட்டர். பத்தில் ஒரு பங்குதான் போகும். மீதியை 5,000 லிட்டர் லாரி வைத்து எடுப்பதென்றால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு நடை. எந்தக் குடும்பம் தாங்கும்? ஆனால் இதே கணக்கை வேறு பக்கமிருந்து பாருங்கள். வாளியில் மொண்டு ஊற்றுகிற கக்கூஸுக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் போதும். ஐந்து பேருக்கு 50 லிட்டர். குழி வாங்குவதோ 52 லிட்டர்!

குளியல் தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் ஏன் அந்தக் குழிக்கே கொண்டுபோக வேண்டும்? ஒரே குழாயில் இணைத்தால் வேலை சுலபம் என்று இணைத்துவிடுகிறோம். அதைப் பிரித்தோம். குளியல் தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் போனது. உறைகளைச் சுற்றி மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, ஓர் அடி அகலத்துக்கு மணலும் பொடி ஜல்லியும் நிரப்பினோம். கரிசலில் இந்த மணல் உறை கட்டாயம் என்று கையேடும் சொல்கிறது. களி உப்பி உறையின் துளையை அடைக்காமல் அது காக்கும். மழைத் தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் மேடாக்கினோம். கூடவே இரண்டாவது குழி ஒன்று எடுத்து, மாற்றி மாற்றி விடும்படி நடுவில் ஒரு சிறு தொட்டி கட்டினோம். ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். அடுத்த கார்த்திகையில் நான் போய்ப் பார்த்தபோது தங்கையின் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றார்.

பெரிய வீடு, ஃப்ளஷ் வைத்த கழிப்பறை, பிரிக்க முடியாது என்றால், 60 நிமிஷத்தைத் தாண்டிய மண்ணில் கழிவுநீரைக் கீழே இறக்காமல், ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாக அனுப்பிச் செடிகளுக்கு விடுவதுதான் முறை. அல்லது நல்ல மணல் கொண்டுவந்து மேடு கட்டி, அதில் விட வேண்டும். செலவு ஆகும். ஆனால் கட்டிய பிறகு இடித்துக் கட்டுவதைவிடக் குறைவு. சுண்ணாம்புப் பூமியில் குழியின் அடியை நன்றாக அடைத்துவிட்டு, சுற்றிலும் ஒன்றரை அடிக்கு மேல் நுண்மணல் கொடுக்க வேண்டும். இல்லாத மண்ணை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் இறங்காத குழி நிரம்பும். நிரம்பினால் யாரையாவது கூப்பிடுவோம். லாரி வராத சந்தில், "கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருப்பா" என்று ஒரு மனிதனைச் சொல்லிவிடுவோம். உள்ளே இருக்கிற வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவனைத் தூக்க இறங்கிய அண்ணனும் சேர்ந்து போவான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறங்குகிறவர்கள் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைச் சோதிக்காமல் குழி கட்டுவது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்று யாராவது சொன்னால், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மேஸ்திரிமார்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுகிற நாளிலேயே, கொல்லையில் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து அளந்து காட்டுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு தரம் கோடையில், ஒரு தரம் மழை முடிந்ததும். வெடிப்பு விட்ட கரிசலில் ஒரு ராத்திரி போதவில்லை என்று தோன்றினால் இரண்டு ராத்திரி ஊற விடுங்கள்.

மணி ஐந்தாகப் போகிறது. ஸ்கேல் அந்தத் தம்பியிடம் இருக்கிறது. வாருங்கள், பின்னால் போவோம்.

(உரை முடிந்ததும் கூட்டத்தினர் குழியருகே சென்றனர். குழியில் தண்ணீர் நின்றது. 15 சென்டிமீட்டருக்கு மட்டம் சரிசெய்து அளந்ததில், 30 நிமிஷத்தில் 6 மில்லிமீட்டர் இறங்கியது. ஓர் அங்குலத்துக்கு 127 நிமிஷம். கொத்தனார் ஒருவர் அந்த எண்ணைக் கரித்துண்டால் மண்டபத்தின் பின்சுவரில் எழுதி வைத்தார்.)